திராட்சை நிற ஸ்டெதாஸ்கோப்

சுருளிப்பட்டி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மருமகள் நாகஜோதிக்கு,

மாமா கர்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, உன் மகள் பவுனு எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்ட பிறகு அப்படிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மாமா யாரைப் பிடித்து எழுத வைத்தார் என்று யோசிப்பாய். யாரையும் பிடிக்கவில்லை. இது என் கை. செல்வமணி டீச்சரின் மாலை வகுப்புக்கு நான் போவது உனக்குத் தெரியும். பெயர் எழுதப் பழகினால் போதும் என்றுதான் போனேன். இப்போது நிறுத்த முடியவில்லை. பஸ்ஸில் போனால் கடைப் பலகைகளைப் படிக்கிறேன். பூச்சிமருந்து டப்பாவைப் படிக்கிறேன். இத்தனை வருடம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அடித்திருக்கிறேன். நேற்று உப்புப் பாக்கெட்டைச் சத்தமாகப் படித்தேன். உன் அத்தை, "உள்ள இருக்கது உப்புன்னு எனக்குத் தெரியாதா? குழம்பு கொதிக்குது, குடுங்க இங்கிட்டு" என்று பிடுங்கிக்கொண்டாள். ஒரு வரி எழுத எனக்கு வெகுநேரம் ஆகிறது. ஆனாலும் எழுதி முடித்த வரியைப் பார்த்தால் கிளைகளை வெட்டிக் கவாத்து முடித்த திராட்சைப் பந்தலைப் பார்ப்பது போல இருக்கிறது.

உங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் கொடுக்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்திலும் நீ அழுகிறாய், உடனே நானும் அழுதுவிடுகிறேன், பேச வந்த பேச்சு நின்றுபோகிறது. கடிதம் என்றால் பாதியில் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி எழுதலாம்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றுகிறார்கள். பிறகு காற்றை மெதுவாக இறக்கும்போது, முழங்கையின் உட்பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் சத்தம் கேட்க வேண்டும். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்கவில்லை. சொல்லிக்கொடுக்கிற டீச்சரம்மா, உனக்குக் காது கேட்குமா கேட்காதா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்திருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில், ஒரு பிள்ளையைப் பெற்ற நீ தலையைக் குனிந்து நின்றிருக்கிறாய். "எனக்கு இந்த நர்ஸ் படிப்பு வராது மாமா, வர்ற ஞாயித்துக்கெழமை பெட்டியோட வந்துர்றேன், தோட்ட வேலையே பாக்குறேன்" என்று சொன்னாய்.

உன் அத்தை வரட்டும் என்கிறாள். "பிள்ளையும் ஆத்தாளைத் தேடுது. திருச்சியில போயி ஒத்தையில அழுகுறதுக்கு இங்கன வந்து அழட்டும்" என்கிறாள். எனக்குச் சரியென்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. உன் காதில் உண்மையிலேயே ஏதாவது கோளாறு இருந்தால் உன்னை அங்கே நிறுத்தி வைப்பது பாவம் இல்லையா?

அந்த ஸ்டெதாஸ்கோப்பை வாங்கிய நாளை நினைத்துக்கொண்டேன். தேனியில் ஞானசிகாமணியின் மருத்துவக் கருவிக் கடையில் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, குழாய் தடிமனாக இருந்தால் வெளிச்சத்தம் உள்ளே வராது என்றும், காதில் வைக்கும் முனை மெத்தென்று இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் காது புண்ணாகிவிடும் என்றும் விளக்கினார். நீ முனைகளை விரலால் அமுக்கிப் பார்த்தாய். பவுனுக்குத் துணி எடுக்கும்போதுகூட நீ அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை. கடைசியில் திராட்சை நிறத்தில் ஒன்றைத் தொட்டாய். தொட்ட வேகத்தில் கையை எடுத்துக்கொண்டு, கருப்பே போதும் மாமா என்றாய். என் மகன் ஈஸ்வரபாண்டி போன பிறகு நீ நிறமாக ஒன்றும் எடுத்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவர் கருப்பை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனபோது நான் குறுக்கே விழுந்து திராட்சை நிறத்தை வாங்கினேன். "ஊர்ல என்ன சொல்லுவாக மாமா" என்று வாசலில் கேட்டாய். திராட்சை விற்கிறவன் வீட்டுப் பொருள் வேறென்ன நிறத்தில் இருக்கும் என்று சொன்னேன். நீ சிரித்தாய். பஸ் வரும்வரை பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாய்.

மழை விடவில்லை. அருவிப் பக்கம் யாரையும் விடுவதில்லை. பழம் வெடிக்கும் முன் வெட்டியாக வேண்டும், வியாபாரி நாளை நாளை என்கிறார். விரல் வலிக்கிறது. நாளைக்கு என் பிரஷர் மாத்திரை வாங்க நர்ஸம்மாவிடம் போவேன். உன் காதைப் பற்றி அவரிடம் கேட்கிறேன்.

புதன்கிழமை

ஆத்தா, நேற்று எழுதியதைக் கிழிக்காமல் அப்படியே விடுகிறேன். இன்று பெரிய சேதி இருக்கிறது. எழுத்து பெரிதும் சிறிதுமாக வந்தால், கை சந்தோஷத்தில் ஆடுகிறது என்று நினைத்துக்கொள்.

பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை. பவுனையும் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் கிருபாவதி அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரு காது மந்தமாக இருந்தால் நர்ஸ் ஆக முடியாதா என்று கேட்டேன். அவர் தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்து, மாட்டுங்க தாத்தா என்றார். மாட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டு முனையும் மூக்குப் பக்கம் பாக்கணும், நீங்க பிடரிப் பக்கம் பாக்க வச்சிருக்கீக" என்று சொல்லித் திருப்பி மாட்டிவிட்டார். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. மார்பில் வைக்கிற வட்டத்துக்கு இரண்டு பக்கம் உண்டாம். ஒரு பக்கம் திறந்திருந்தால் மறுபக்கம் மூடியிருக்குமாம். அதைத் திருகினார், டக்கென்று ஒரு சத்தம். விரலால் அதை லேசாகத் தட்டினார். என் மண்டைக்குள் யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது. நான் துள்ளியதைப் பார்த்து வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அப்புறம் அந்த வட்டத்தைப் பவுனின் நெஞ்சில் வைத்தார். "தாத்தா, சில்லுங்குது" என்று நெளிந்தாள். முதலில் மழைச் சத்தம் மாதிரி இரைச்சல்தான் இருந்தது. நர்ஸம்மா வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். அதற்குப் பிறகு கேட்டேன் ஆத்தா. கன்றுக்குட்டி ஈர மண்ணில் ஓடுகிற மாதிரி. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. நான் மூச்சு விடவில்லை. கழற்றவும் மனம் வரவில்லை. "தாத்தா, மத்தவுகளுக்கும் மாத்திரை குடுக்கணும்" என்று நர்ஸம்மா சொன்ன பிறகுதான் கொடுத்தேன்.

தானும் படிக்கும்போது ஆரம்பத்தில் ஒன்றும் கேட்காமலே தலையை ஆட்டிச் சமாளித்ததாக அவர் சொன்னார். "உங்க மருமக கேக்கலைன்னு உள்ளதைச் சொல்லிருக்கா. அதுக்கே அவளை நர்ஸாக்கலாம்" என்றார். பிறகு, கருவியிலும் பார்க்கச் சொல்லுங்கள், காது முனையின் ஓட்டையில் ஏதாவது அடைத்திருந்தாலும் கேட்காது என்றார். புதுக் கருவியில் என்னம்மா அடைக்கும் என்று கேட்கும்போதே தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு நீ வந்திருந்தாய் அல்லவா? கவாத்துக் கத்தரி, மருந்தடிக்கிற மெஷின், மோட்டார் ஸ்டார்ட்டர், மொபெட் எல்லாவற்றையும் கழுவி வைத்து நான் பொட்டு வைத்தேன். உன் ஸ்டெதாஸ்கோப்பையும் கேட்டு வாங்கி நடுவில் வைத்தேன். நம் வீட்டுக்குள் வந்த ஆயுதங்களில் அதைவிட உயர்ந்தது எது? அதனால் வட்டத்துக்குக் கொஞ்சமாகவும், காதில் மாட்டுகிற முனைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தாராளமாகவும் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். குங்குமம் நன்றாகப் பிடிக்க வேண்டுமே என்று அமுக்கி வேறு வைத்தேன். மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்கு ஓடினாய். மேலாகத் துடைத்திருப்பாய். உள்ளே போன சந்தனம் காய்ந்து கல்லாகியிருக்கும். அதற்கு முன் நீ அதை நோயாளிக்கு வைத்ததே இல்லை, அதனால் வித்தியாசமும் தெரிந்திருக்காது. பக்கத்துப் பிள்ளையிடம் இரவல் வாங்கிப் பார்க்கவும் உனக்கு வாய் வராது.

இதைச் சொன்னதும் கிருபாவதி அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் வந்து சொன்னேன். உன் அத்தை, "மோட்டாருக்கு வச்சீக, வண்டிக்கு வச்சீக, சரி. பிள்ளை காதுல மாட்டுறதுல எதுக்கு அம்புட்டுச் சந்தனத்தை அப்புனீக? நல்லவேளை, எலுமிச்சம்பழத்தை நசுக்கி உள்ள பிழியாம விட்டீக" என்று இதுவரை ஏசிக்கொண்டிருக்கிறாள். ஏசிக்கொண்டே உனக்குப் பொரிகடலை உருண்டையும் பிடிக்கிறாள். தபாலில் அனுப்பலாமா என்று கேட்கிறாள்.

நர்ஸம்மா சொன்னதை எழுதுகிறேன். முனை இரண்டையும் திருகிக் கழற்று. ஓட்டையை ஊசியால் மெதுவாகக் கிளறிச் சுத்தம் செய். ஸ்பிரிட் பஞ்சால் துடை. குழாயைத் தண்ணீரில் போடாதே. பிறகு மாட்டிக்கொண்டு வட்டத்தைத் தட்டிப் பார். வைக்கும் முன் முழங்கையில் நாடி எங்கே துடிக்கிறது என்று விரலால் தேடிவிட்டு, அந்த இடத்திலேயே வை. சட்டைக் கைக்கு மேலே வைக்காதே. அழுத்தவும் வேண்டாம்.

சுத்தம் செய்தால் கேட்கும் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் கேட்காமலும் போகலாம். ஏனென்றால் போனை வைக்கும் முன் நீ மெல்லிய குரலில் இன்னொன்றும் சொன்னாய். ஆம்பளையாள் நெஞ்சில் வைக்கப் போனால் கை தானாகப் பின்னால் வந்துவிடுகிறது என்றாய். உன் அத்தைக்கு அதை நான் சொல்லவில்லை.

அன்றைக்கு ஜீப் கவிழ்ந்து பாண்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அந்த டாக்டர் அவன் நெஞ்சில் அங்கும் இங்கும் வைத்துக் கேட்டார். நாம் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் காதிலிருந்து அதை எடுத்ததும், வாயைத் திறப்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிட்டது. தேனிக் கடையில் நீ தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, நடுவில் டீ குடிக்கப் போகிறேன் என்று கொஞ்ச நேரம் வெளியே போனேனே, டீ குடிக்கவில்லை. அந்தக் கொத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

இன்று பவுனின் நெஞ்சில் கேட்டது பாண்டியுடையதும்தானே. அந்தக் கருவிக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. எனக்கே இப்படி என்றால், தினமும் கேட்கப் போகிற உனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தேன். பவுனு வழியெல்லாம் என்ன தாத்தா கேட்டுச்சு, என்ன தாத்தா கேட்டுச்சு என்று கையை இழுத்துக்கொண்டு வந்தாள். உங்க அம்மா வந்து சொல்லுவா என்றேன்.

காலையில் தபால்காரர் அழகர் வரும்போது இதைக் கொடுத்துவிடுவேன். விரைவுத் தபாலில் போட்டால் சனிக்கிழமை உன் கையில் இருக்கும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறாதே ஆத்தா. கை பின்னால் வந்தால் வரட்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடி வை. இந்த வாரம் கேட்காவிட்டால் அடுத்த வாரம் கேள். திட்டினால் திட்டட்டும். பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உன் அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். இதை நான் கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொல்கிறேன். நீ பெட்டியோடு வாசலில் வந்து நின்றால் நான் கதவைத் திறந்துவிடுவேன். வா என்று பெட்டியையும் வாங்கி வைத்துவிடுவேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போ என்று சொல்கிற தெம்பு எனக்குக் கிடையாது. அதனால்தான் முகத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன்.

நீ தொடுகிற உடம்பெல்லாம் நல்லபடியாகப் பிழைத்து எழட்டும். உன் நெஞ்சும் குளிரட்டும். முதல்முதலாக யார் சத்தத்தைக் கேட்டாய், எப்படி இருந்தது என்று எனக்குக் கடிதம் எழுது. போனில் சொல்லிவிடாதே. நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு
உன் மேல் உயிரை வைத்திருக்கும்
மாமா கர்ணன்