அப்பா வாக்குத் தவறிய கதை

புக்கிட் பெலண்டோக்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷாமினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி வசந்தனும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே டப்ளினில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இந்த வீட்டில் போனில் எதைப் பேசினாலும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் காதில் விழும், விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அவரைப் பற்றிய சங்கதியை எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

உன் அப்பா ராஜாவாகிவிட்டார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருக்கச் சொன்னார்கள் அல்லவா, தோட்டத்தில் மண்டோராக இருந்து காலையிலிருந்து ஆட்களை விரட்டியே பழகிய மனிதர், விரட்ட ஆளில்லாமல் என்னை விரட்ட ஆரம்பித்தார், குழம்புக்குப் புளி கரைப்பதிலிருந்து கொடியில் துணி போடுவது வரை எல்லாவற்றுக்கும் ஓர் உத்தரவு. வசந்தன் பார்த்தான், தன் பழைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் சிரம்பானுக்கு வேலைக்குப் போய்விட்டான். அதில் ஒரு நாட்டை ஆள வேண்டும், ஊர் கட்ட வேண்டும், சுற்றிலும் நாலைந்து ராஜா ராணிகள், எல்லோரையும் ஆட்டி வைப்பது கம்ப்யூட்டர். அவர்களோடு சண்டையும் போடலாம், சமாதானமும் பேசலாம். நாம் ஒரு முறை ஆடினால் அவர்கள் ஒரு முறை ஆடுவார்கள், நாம் பொத்தானை அழுத்தாத வரை படையெடுத்து வந்தவன்கூட எல்லையில் அப்படியே நின்றுகொண்டிருப்பான். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, இத்தனை அடக்கமான ஆட்களை அவர் தோட்டத்தில் பார்த்ததே இல்லையாம்.

ராஜ்யத்தில் எல்லாம் முறைப்படிதான். காலண்டரில் ராகு காலம் பார்த்துத்தான் போர் அறிவிப்பார். புரட்டாசியில் சைவம் என்பதால் யுத்தமும் கிடையாது, சாலை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்குப் புரட்டாசி தெரியுமா, ஒரு சனிக்கிழமை பார்த்து எவனோ வந்து கோலா கிளாவாங்கைப் பிடித்துக்கொண்டான். அந்நியப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று ஊர்களுக்கெல்லாம் நம் பக்கத்துப் பெயர்களையே வைத்திருக்கிறார். அன்றைக்கு மஸ்தான் கடையில் டீ குடிக்கும்போது கோலா கிளாவாங் கையை விட்டுப் போய்விட்டது என்று பெருமூச்சு விட்டிருக்கிறார், மஸ்தான் பதறிப்போய் அங்கே கட்டிக் கொடுத்திருக்கும் தங்கச்சி நஸீமாவுக்குப் போன் போட்டு வெள்ளமா மண்சரிவா என்று விசாரித்திருக்கிறார். கோலா பிலா என்ற பெயரை மட்டும் அப்பா எந்த ஊருக்கும் வைக்கவில்லை.

அது ஏன் என்று உனக்கும் தெரியும். கோலா பிலா இராஜமாணிக்கம் மாமா வீட்டோடு தட்டு மாற்றி உனக்கு நிச்சயம் செய்தோம், நீ டப்ளினுக்குத் திரும்பிப் போய் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாய். அவர்கள் வைத்த புடவையையும் மோதிரத்தையும் எடுத்துக்கொண்டு அப்பா தனியாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார், அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினார். அவள்தானே சரி என்றாள் என்பது அவர் கட்சி. அப்பா முகத்தைப் பார்த்து எப்படியம்மா முடியாது என்பேன் என்பது உன் கட்சி. அவள் முதலில் பேசட்டும் என்று அவரும், அவர் முதலில் பேசட்டும் என்று நீயும் இருக்கிறீர்கள், உங்கள் இருவருக்கும் நடுவில் தூது போய்த் தூது போய் என் வாய்தான் வலிக்கிறது. தீபாவளிக்கு வருகிறாயா என்றால் அப்பா கூப்பிட்டால் வருகிறேன் என்கிறாய். இந்தத் தீபாவளிக்கும் நீ இல்லாமல் முறுக்குப் பிழிய எனக்கு மனசில்லை, ஷாமினி. அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

இப்போது கதைக்கு வருகிறேன். பக்கத்து நாட்டில் மயில் இறகு வைத்த ராணி ஒருத்தி. ஒரு நாள் திரையில் வந்து, எங்கள் எல்லையோரம் புதிதாக ஊர் கட்டாதீர்கள் என்று கேட்டாள். அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "பாவம், பொம்பளப் பிள்ள, மரியாதையா கேக்குதுலா" என்றார். இந்த மாதிரி இடத்தில் நம் ஆட்கள் என்ன சொல்வோம், பார்ப்போம்லா என்போம். பார்ப்போம் என்றால் ஆகாது என்று கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், யாருக்கும் மனம் நோகாது. கோயில் கமிட்டியில் தலைவராக இருந்த காலம் முழுக்க அப்பா இந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டினார். ஆனால் கம்ப்யூட்டரில் அதற்குப் பொத்தான் இல்லை, ஆகும் என்று ஒன்று, ஆகாது என்று ஒன்று, அவ்வளவுதான். மூஞ்சியில் அடித்த மாதிரி ஆகாது என்று அழுத்த அவருக்கு மனம் வரவில்லை, மனசுக்குள் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு ஆகும் என்பதை அழுத்திவிட்டார். அப்புறம் ஆற்றோரமாக நல்ல மண் கண்ணில் பட்டது, அங்கே லுக்குட் என்று ஓர் ஊரைக் கட்டிவிட்டார்.

மறுமுறையே ராணி வந்துவிட்டாள், முகமெல்லாம் சிவந்து. நீர் வாக்குத் தவறியவர் என்றாள். அவளோடு போனால் பரவாயில்லை, மற்ற ராஜாக்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். உப்பு கொடுத்தவன் உப்பை நிறுத்தினான், குதிரை கொடுத்தவன் குதிரையை நிறுத்தினான், அப்பா சும்மா அனுப்பிய சீர்வரிசையைக்கூட ஒருவரும் வாங்கவில்லை. விளையாட்டுதானே என்று நீ சொல்வாய், ஆனால் இவர் நிஜமாகவே வாடிப்போனார், மீன் குழம்பு வைத்தும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் லேப்டாப்பைப் பார்த்து, எதிரே ஆள் உட்கார்ந்திருப்பது போலச் சொன்னார்: "நான் என்ன வேணும்னா செஞ்சேன்? மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படிச் சொல்றது? மரியாதைக்குச் சரின்னு சொன்னா அதப் புரிஞ்சிக்க வேணாமா?"

நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இதே வார்த்தைகளை நீ அன்று போனில் அழுதுகொண்டு சொன்னாய், நானும் ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன், அதெல்லாம் சாக்கு என்று அவர் எழுந்து போனார். இப்போது நான் கீரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. லேப்டாப்பை மூடினார், நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய், காலையில் துடைத்த மோட்டார் சைக்கிளை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் லுக்குட்டை அந்த ராணிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஜெயித்துக்கொண்டிருக்கும் ராஜா எவனாவது ஊரைத் தானம் கொடுப்பானா என்று வசந்தன் தலையில் அடித்துக்கொண்டான். ராணி இன்னும் முழுசாகச் சிரிக்கவில்லை, கோபம் முறைக்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையுமாம். அது குறைகிறதோ இல்லையோ, இவர் சம்பந்தமே இல்லாமல், "அங்க இப்ப மணி என்ன இருக்கும்?" என்று என்னிடம் கேட்கிறார். எங்கே என்று கேட்டால் காலண்டரைப் புரட்டுகிறார்.

நேற்று மத்தியானம் சோறு போடும்போது கேட்டுவிட்டேன், தீபாவளிக்கு ஷாமினியை வரச் சொல்லட்டுமா என்று. வாயில் இருந்த சோற்றை மென்று முடித்தார், ரசம் கேட்டார், ஊற்றினேன். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "வரச் சொல்லு. ஆனா அப்பா கூப்பிட்டாருன்னு சும்மா சரின்னு சொல்ல வேணாம். முடியலன்னா முடியலன்னே என்கிட்ட சொல்லட்டும். நான் கேட்டுக்குவேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பார்க்கிறேன், முடியாது என்று ஒருத்தர் சொன்னால் கேட்டுக்கொள்வேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

அங்கே மழையில் நனைந்துகொண்டு வேலைக்குப் போகாதே, வாரத்துக்கு ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை. ஆத்தா உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள், நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போன் செய்தால் என் நம்பருக்குச் செய்யாதே, அப்பா நம்பருக்குச் செய். எடுத்தவுடன் பேச மாட்டார், ஹலோகூடச் சொல்ல மாட்டார், சத்தமே கேட்காது. லைன் போய்விட்டது என்று நினைத்து நீ வைத்துவிடாதே, அவர் அங்கேதான் இருப்பார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
புஷ்பவள்ளி நல்லசாமி