இரு தரப்புக்கும் ஒரு நகல்

4 மார்ச்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேல்மாடியில் இருந்துகொண்டு கீழ்மாடிக்குக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். வெளிநாட்டு ஆய்வு மாணவர்களுக்கு ஆலோசகர் என்று உங்களை உட்கார வைத்த அறையின் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. வாசலில் வரிசை நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து எப்படி அழுவது?

என் ஆய்வு நெறியாளரிடம் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைக் கொடுத்துப் பதினோரு வாரம் ஆகிறது. கேட்டால், "உன் அவசரத்துக்கு நான் படிக்கணுமா?" என்கிறார். போன வாரக் கருத்தரங்கில் என் வரைபடங்களைத் தன்னுடையவை என்று காட்டினார். கல்நெஞ்சுக்காரர். ஜூனில் விசா முடிகிறது. அவர் கையெழுத்து இல்லாமல் நீட்டிக்க மாட்டார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். சொந்தமில்லாவிட்டாலும் பெரியப்பா என்று நான் கூப்பிடுகிற உங்களிடம் கொட்டினால் பாரம் குறையும். இந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே.

அன்பு மகள்

9 மார்ச்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மனம் ஆறவில்லை. இந்த நாற்காலியில் பதினாறு ஆண்டுகள் உட்கார்ந்து யாருக்காவது உருப்படியாக ஏதும் செய்தேனா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. உன் விஷயத்தில் அப்படி விடவில்லை. மாணவர் குறை எழுத்தில் வந்தால் ஐந்து வேலை நாளுக்குள் இரு தரப்பும் அதைப் பார்க்க வேண்டும் என்பது விதி. வரி வரியாக மொழிபெயர்த்தேன். 'கல்நெஞ்சுக்காரர்' என்பதற்கு முதலில் 'கண்டிப்பானவர்' என்று போட்டேன். உனக்குத் துரோகம் செய்வதுபோல் பட்டது. அடித்துவிட்டுச் சரியான சொல்லையே போட்டேன். கோப்புக்கு ஒரு நகல், நெறியாளருக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டேன். பதினான்காம் தேதி மூவரும் உட்கார்ந்து பேசலாம். தைரியமாக இரு.

பெரியப்பா

12 மார்ச்

பெரியப்பா,

அது புகார் இல்லை. கடிதம்.

நேற்று ஆய்வகத்தில் நெறியாளர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினார். "உன் ஆலோசகர் நல்லா எழுதுறாரே, அவரையே கைடா வெச்சுக்கோ" என்றார். மாலையே ஆய்வுக் குழுவுக்கு எழுதி விலகிவிட்டார். நெறியாளர் இல்லாவிட்டால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் விசா இல்லை. நாலு வருஷம், பெரியப்பா.

துறைத் தலைவி ஒரு வழி சொன்னார். 'இது எனக்கு வந்த தனிப்பட்ட கடிதம். அவளைக் கேட்காமல் நான் அனுப்பிவிட்டேன்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் கோப்பையே நீக்கிவிடுவார்களாம். நெறியாளர் விலகியதுகூடச் செல்லாமல் போகுமாம். இருபதாம் தேதி கடைசி. ஒரே வரிதான்.

மகள்

22 மார்ச்

அன்பு மகளுக்கு,

அந்த வரியை ஆறு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 'நான்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஓய்வு வயதைத் தாண்டியவன். ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்துக் கொடுத்தால்தான் எனக்கு இந்த வேலை. கடைசியில், 'இரு தரப்பிலும் புரிதல் குறைவு ஏற்பட்டதாகத் தெரிகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழு அதைப் படித்துவிட்டு, கோப்பு இருந்தபடியே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டது.

வேறு நெறியாளர் கேட்டு ஏழு பேரிடம் போனேன். ஆறு பேர் நேரமில்லை என்றார்கள். ஏழாமவர், "நாளைக்கு என்னைப் பத்தியும் உங்களுக்கு எழுதுவாளா?" என்று கேட்டார்.

திட்டியாவது நாலு வரி எழுது.

பெரியப்பா

2 ஏப்ரல்

ஐயா,

திட்ட வரவில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை, அதுதான் தாங்கவில்லை. நெறியாளரிடம் நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்.

பெட்டி கட்டிவிட்டேன். வீட்டில் விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அம்மா போனில், "திரும்பிப் போறப்ப உன் பெரியப்பாவுக்கு என்ன குடுத்தனுப்பட்டும்?" என்று கேட்டாள்.

ஒன்றும் வேண்டாம், அவர் வேலையை விட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டேன்.