எங்கள் தோட்டத்து அளவுக்கு ஒரு மழை

அன்புப் பாப்பா,

நானும் உன் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் புரண்டு படுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன ஆளும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கண் விழித்ததும் நினைத்துக்கொள்கிறேன். கால் வீக்கம் குறைந்ததா? உட்காரும்போது காலைத் தூக்கி ஒரு ஸ்டூல்மேல் வைத்துக்கொள். சரிம்மா என்று நீ சொல்வதே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் என்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் உன் அப்பா பேப்பர் படிப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். இது அவரைப் பற்றிய விஷயம். அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன்.

குழந்தை பிறக்கும்போது அப்பாவும் கூட இருக்க வேண்டும், அம்மா மட்டும் வந்தால் போதாது என்று நீ கேட்டாயே, அதற்கு அவர் நேராக ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் பேச்சை எடுக்கும்போதெல்லாம் தோட்டத்துக்குத் தண்ணீர் யார் விடுவது என்பார். தோட்டம் என்று நீ பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதே, நீ போன பிறகு வீட்டுக்குப் பின்னால் அந்தச் சிமெண்டுத் தரையை உடைத்துப் போட்டதுதான். நாலு தக்காளி, ஒரு பந்தல் அவரை, கொஞ்சம் கீரை, எலுமிச்சை மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செம்பருத்தி. ஆனால் வெயில் காலத்தில் ஒரு நாள் விட்டால் மறுநாள் எல்லாம் தலை தொங்கிவிடும், அதுவும் உண்மைதான். சரி, இவருக்கு இதுதான் தடை என்றால் தடையை எடுத்துவிடுவோம் என்று நான் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் ஒன்று வாங்க முடிவு செய்தேன். தானாகவே திறந்து தானாகவே மூடும் டைமரைக் குழாயில் மாட்டிவிட்டால் நாம் எந்த ஊரில் இருந்தாலும் தண்ணீர் அதுபாட்டுக்கு விழும் என்று குழாய்க் கடைக்காரர் சொல்லியிருந்தார். உன் அப்பா மறுப்புச் சொல்லவில்லை. வா போகலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்தக் கடைக்காரர் ஒரு பாடமே எடுத்தார். இடம் வட்டமா நீளமா, எவ்வளவு அகலம், குழாயில் தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது, இதெல்லாம் தெரியாமல் வாங்கினால் வீணாம். குழாயை முழுதாகத் திறந்து ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். நாங்கள் வீட்டுக்கு வந்து வாளியை வைத்துப் பார்த்தோம். உன் அப்பா கடிகாரத்தைப் பார்க்க, நான் தண்ணீரைப் பார்த்தேன். வாளியில் தண்ணீர் ஏறுவதை எப்போதாவது சும்மா நின்று பார்த்திருக்கிறாயா? முதலில் அடியில் சத்தம், பிறகு சத்தம் மெலிந்துகொண்டே மேலே வருகிறது, கடைசியில் சத்தமே இல்லை, விளிம்பில் வானம் நடுங்குகிறது. நிரம்பிவிட்டது என்று சொல்ல மறந்து நின்றிருந்தேன், காலில் வழிந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது முறை எண்ண வேண்டியதாகிவிட்டது. அதன் பிறகு என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்தை அளந்தேன். மண்ணில் முட்டி போட்டு அளந்தபோது, யாருடைய வீட்டு ஜன்னலையோ அளப்பது போலவே இருந்தது. அந்த நினைப்புதான் வம்பாகப் போயிற்று. இத்தனை வருஷம் திரைச்சீலை தைத்த கை, ஜன்னல் அகலம் எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு துணி, அப்போதுதான் மடிப்பு அழகாக விழும் என்று பழகிய கை. கடையில் போய் அளவு கேட்டதும் என் வாய் தானாக இரண்டு மடங்கைச் சொல்லிவிட்டது. தோட்டத்துக்கு மடிப்பு எதற்கு? கடைக்காரர் அவ்வளவு பெரிய இடமா என்று புருவத்தை உயர்த்தி, தட்டித் தட்டிச் சுற்றி வெகுதூரம் வீசும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், விளையாட்டு மைதானத்துக்குப் போடுவது. உன் அப்பா பக்கத்தில் நின்று அதன் ஸ்பிரிங்கைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அதைத் திறந்தோம். டக்டக்டக் என்று ஒரு சுற்று சுற்றியது, நம் தோட்டம், நம் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரரின் ஜன்னல். அவர் இரவெல்லாம் வேலை செய்துவிட்டுப் பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவர். கொஞ்ச நேரத்தில் நனைந்த தலையணையோடு வாசலில் வந்து நின்றார். கோபம்கூட வரவில்லை பாவம், இன்னும் பாதித் தூக்கம். "மழைன்னு நெனச்சு மாடிக்கு ஓடினேங்க்கா, துணி எடுக்க. மேல போய்ப் பாத்தா வெயில் அடிக்குது. எனக்குத்தான் மூளை கலங்கிடுச்சோன்னு அங்கயே உக்காந்துட்டேன்" என்றார். நான் தலையணை உறையை வாங்கித் துவைத்து, கூடவே ஒரு புது உறையும் தைத்துக் கொடுத்தேன். உன் அப்பாவுக்கு அன்று முழுக்க ஒரே சந்தோஷம். மெஷினுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது, மனுஷக் கைக்குத்தான் தெரியும் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இரவு சாப்பிடும்போது, நான் அளவைத் தப்பாகச் சொன்னது கடையிலேயே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றால், தட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நான் விடுவேனா. மறுநாள் தனியாகப் போய் அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று மாற்றி வாங்கி வந்தேன். நீளமான ஒரு குழல், அதன் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். சுற்றாது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆடும். எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் சாய வேண்டும் என்று திருகி நிறுத்திக்கொள்ளலாம், நம்முடையது போல நீள்சதுரமான சின்ன இடத்துக்கு இதுதான் சரி என்றார் கடைக்காரர். அதைச் சொல்லி முடிக்கிறேன், கேள். விடிந்ததும் டைமர் தானாகத் திறந்தது. தண்ணீர் ஒரு மெல்லிய துணிபோல எழுந்து, சற்று நின்று, இந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு யோசித்து, அந்தப் பக்கம் சாய்ந்தது. கீரை இலைகள் ஒவ்வொன்றாகத் தலையை ஆட்டின. இளவெயில் அதற்குள் நுழைந்து வெளியே வரும்போது எங்கோ ஒரு நிறம் தெரியும், நிமிர்ந்து பார்த்தால் இருக்காது. நான் பின்கதவுப் படியில் ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருந்தேன். நீ பிறப்பதற்கு முன் இப்படித்தான் ஒரு வாடகை வீட்டில், காற்றில் உப்பி உப்பி அடங்கும் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்தேன். உள்ளே நீ அசைவாய், வெளியே அது அசையும், எது உள்ளே எது வெளியே என்று எனக்கே குழம்பிவிடும். உனக்கும் இப்போது அப்படி இருக்கிறதா? இருந்தால் பயப்படாதே, நன்றாகத்தான் இருக்கும்.

அந்த நினைப்பிலிருந்து திரும்பிப் பார்த்தபோதுதான் உன் அப்பாவைக் கவனித்தேன். காலையில் வழக்கமாக ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் நின்றிருந்தார். கையில் ஹோஸ் இல்லை. கை மட்டும் பிடிக்கிற மாதிரியே கொஞ்சம் மடங்கியிருந்தது. உனக்கு நினைவிருக்கும், ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடுவார், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே வேலை செய்வார். ரிட்டயர் ஆன பிறகு அந்தப் போன் மணி அடிப்பதே இல்லை. இந்தத் தோட்டம்தான் தினமும் அவரைக் கூப்பிட்டது. அதையும் நான் ஒரு குழலிடம் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் போய் நின்றேன். அவராகவே சொன்னார். "அவ வீட்ல பாத்திரம் கழுவ ஒரு மெஷின், துணிக்கு ஒண்ணு, தரையைக்கூட ஒண்ணு தானா சுத்திச் சுத்திப் பெருக்குது. வீடியோல பாத்தேன். நீ குழந்தையக் குளிப்பாட்டுவ, சமைப்ப. நான் அங்க போய் எங்க நிக்கறது?"

இதுதான் விஷயம், பாப்பா. உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை, பயணத்துக்குப் பயந்தும் இல்லை. சொன்ன கையோடு அவர் உள்ளே போய்ச் சமையலறையிலிருந்து காலி டப்பாக்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து தோட்டம் முழுக்கப் பரப்பி வைத்தார். எங்கே எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று பார்க்கிறாராம். குழல் ஆடி முடித்ததும் ஒவ்வொரு டப்பாவாக எட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. செம்பருத்திக்குப் பக்கத்தில் வைத்தது மட்டும் காய்ந்து கிடந்தது. எலுமிச்சை மரம் நடுவில் நின்று மறைக்கிறது. அந்தக் காலி டப்பாவை அவர் கையில் எடுத்துப் பார்த்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான், இவருக்கு இங்கே இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது, நான் தனியாகத்தான் பெட்டி கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வெயில் இறங்கிய பிறகு பின்பக்கம் மண் வெட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், செம்பருத்தியைச் சுற்றி அகலமாகத் தோண்டி, வேரோடு மண்ணோடு பழைய போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருகிறார், தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல. தக்காளிக்கும் அவரைப் பந்தலுக்கும் நடுவில், தண்ணீர் தவறாமல் விழும் இடத்தில் குழி தயாராக இருந்தது. வைத்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதிக்காமல் கையாலேயே அழுத்தினார். நிமிராமலே சொன்னார், "வேர் பிடிக்கட்டும். ஒரு புது இலை வந்ததும் ரெண்டு டிக்கெட்டாப் போட்டுடு."

சில நாள் கழித்து, இன்று காலை போய்ப் பார்த்தேன். பழைய இலைகள் வாடித்தான் இருக்கின்றன, ஆனால் கிளை நுனியில் நகம் அளவுக்குப் பச்சையாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. அவரும் பார்த்திருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமானது எதையும் தூக்காதே. மாப்பிள்ளையை நேரத்துக்குத் தூங்கச் சொல், பின்னால் தூக்கம் கிடைக்காது. நல்லபடியாகப் பெற்றெடுத்து, மூன்று பேரும் நிறைவாக இருக்க வேண்டும் என்று உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறேன், கை எட்டாவிட்டாலும். ஒன்று மட்டும் மறக்காதே. உங்கள் வீட்டில் கிறீச்சிடும் கதவோ, ஆடுகிற மேஜையோ, சொட்டுகிற குழாயோ எது இருந்தாலும் மாப்பிள்ளை இப்போது சரிசெய்ய வேண்டாம். அப்படியே இருக்கட்டும். ஒன்றுமே பழுதில்லை என்றால், அப்பா வருவதற்குள் இரண்டு திருகுகளையாவது தளர்த்தி வை.

ஆசிகளுடன்,
அம்மா