லூலாத் தலை

1932 ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை. தெஹியோவிட்ட.

பெரிய டாக்டர் படித்துவிட்டுத் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் போட்டுப்போன சஞ்சிகையை இன்று புரட்டினேன். சீமையில் ஒரு தங்கமீனின் மூளைத்தண்டை மட்டும் வெட்டியெடுத்து, கம்பி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உடம்பு இல்லை, யாரும் தூண்டவும் இல்லை. அப்படியும் அதிலிருந்து மின்சாரம் அலையலையாக எழுந்ததாம், மீன் செவுளை அசைக்கும் அதே தாளத்தில். அந்தத் துளிச் சதைக்கு யார் தாளம் சொல்லிக்கொடுத்தது? அதைக் கம்பி வைத்துக் கேட்க நினைத்த மனிதரைத்தான் என்னவென்று சொல்வது!

குசினியில் என் மனைவி தங்கம் லூலா என்கிற விரால் மீனை வெட்டிவிட்டு, வழக்கம்போல அதன் தலையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாள் முதல் இதற்காக அவளை ஏசியிருக்கிறேன். தலை போனால் செத்தது என்பேன். ஆஸ்பத்திரியில் மருந்தும் வார்டும் பார்க்கும் டிஸ்பென்சர் அல்லவா நான்.

"செவுள் அடிக்குதுங்க. நிக்கட்டும்," என்றாள் இன்றும்.

நாடி பார்க்கும் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினேன். செவுள் திறந்தது, மூடியது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. பதினேழாவது அசைவுக்குப் பிறகு இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பதினெட்டாவதும் வந்தது.

"இப்ப போயிருச்சுங்க," என்று அவள்தான் சொன்னாள். அதன் பிறகே தண்ணீர் ஊற்றினாள்.

வார்டில் நான் இவ்வளவு நேரம் பொறுத்ததே இல்லை. நாடி நின்றால் துணியை இழுத்து மூடிவிடுவேன். போன மாதம், ரப்பர் பால் வெட்டும் மாரிமுத்துவின் முகத்தை மூடியபோது, "தொண்டை அசைஞ்சிச்சுங்க ஐயா," என்று அவன் தங்கை என் கையைப் பிடித்தாள். அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை வரவில்லை.