நாலாவது எலுமிச்சம்பழம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷர்மினி எழுதுகிறேன். ஜெர்மனியில் குளிர்தான், ஆனாலும் நன்றாகச் சாப்பிடுகிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நம் ஊர் சுவாவில் மழை விட்டதா?

சாலைச் சத்தம் காருக்குள் எந்த வழியாக வருகிறது என்று கணினியிலேயே ஓட்டிப் பார்த்துக் குறைப்பது என் வேலை என்று சொன்னேனே, அப்படிச் செய்த முதல் கார் போன வாரம் ரோட்டில் இறங்கியது. "புதுக் காடிக்கு எலுமிச்சம்பழம் வைக்காம ஓட்டாதே லா" என்று அம்மா சொன்னபடி நாலு டயருக்கும் வைத்தேன். மூன்று நசுங்கின. உருண்டு ஓடிய நாலாவதை வீச மனமில்லாமல் பின்பெட்டியில் போட்டு மறந்துவிட்டேன்.

கரடுமுரடான ரோட்டில் டொக் டொக் என்று, கணினி சொல்லாத ஒரு சத்தம். எல்லோரும் காருக்கு அடியில் படுத்துத் தேடினோம். கடைசியில் பின்பெட்டியைத் திறந்தால் பழம். மேலாளர் யூர்கன், "இனிமேல் கணினியில் எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துவிடு" என்று சிரித்தார்.

பழத்தை எடுத்துவிட்டு அதே ரோட்டில் ஓட்டினோம். முன்சீட்டில் நான் முணுமுணுத்ததற்குப் பின்சீட்டிலிருந்து யூர்கன் பதில் சொன்னார், அப்பா.

அம்மாவிடம் மிளகாய்த்தூள் அனுப்பச் சொல்லுங்கள். ஒருத்திக்காகச் சமைத்தால் எதிலும் ருசியில்லை. காது மெஷின் அலமாரியில் வைப்பதற்கு இல்லை, மாட்டிக்கொள்ளுங்கள்.

தபால் ஆபீஸை மூடப்போகிறார்கள். தீபாவளிக்கு வந்ததும் சத்தமில்லாத காடி ஒன்றை வாடகைக்கு எடுத்து உங்களை முன்சீட்டில் உட்காரவைப்பேன். சின்ன வயதில் நீங்கள் ஓட்டிய செம்பனை லோரியின் இரைச்சலில் கத்தினேன், இப்போது போனில் கத்துகிறேன். ஒரு தடவையாவது உங்களிடம் மெதுவாகப் பேச வேண்டும்.

உங்கள் மகள்,
ஷர்மினி