சிவப்பாகவே திரும்பிய ரத்தம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன, நாளெல்லாம் நோயாளிகளை ஓடாத சைக்கிளில் ஏற்றி மிதிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று திட்டாதே. வீடு வீடாகத் தபால் கொடுக்கிற நானே கடிதம் எழுதாவிட்டால் என் பிழைப்பு என்னாவது?

விஷயத்துக்கு வருகிறேன். படி ஏறினால் கால் எரிகிறது, அக்கா. லிஃப்ட் இல்லாத அந்தப் பச்சைக் கட்டடம் முன்பெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இப்போது முதல் மாடியிலேயே தொடை கல்லாகிவிடுகிறது. பையைச் சுவரில் சாய்த்துவிட்டு, முகவரி பார்க்கிற மாதிரி பாசாங்கு பண்ணிக்கொண்டு நிற்கிறேன். ஆக்சிஜன் பார்க்க நீ அனுப்பிய கிளிப்பை விரலில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு. உங்கள் மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு அழுற ஒரே ஆளு நீதான்" என்றார். சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் பயமாக இருக்கிறது.

நான் சோம்பேறி ஆகிவிட்டேனா, இல்லை எனக்கு ஏதாவது இருக்கிறதா? உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. மழுப்பாமல் சொல்.

உன் வாயாடி


மார்ச் 11

என் செல்ல வாயாடிக்கு,

உன் கடிதம் படித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் கவலைப்பட்டேன், பிறகு மறுபடியும் சிரித்தேன். உனக்கு ஒன்றும் இல்லையடி.

கேள். நீ இழுக்கும் மூச்சிலிருந்து ஆக்சிஜனை ஏற்றிக்கொள்வது ரத்தத்தின் சிவப்பணு. உன் தபால் பை மாதிரி அதன் பையும் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் கிளிப் சொல்கிறது. வேலை செய்யும் தசை சூடாகும், கொஞ்சம் புளிப்பும் ஏறும். அந்தச் சூடும் புளிப்பும் பட்டால் சிவப்பணுவின் பிடி தளர்ந்துவிடும். ஆக்சிஜன் இறங்கி, தலைமுடியைவிட மெல்லிய குழாயின் சுவரைக் கடந்து தசைக்குள் போகும். யாரும் தள்ள வேண்டாம். நிறைய இருக்கிற பக்கத்திலிருந்து குறைவாக இருக்கிற பக்கத்துக்கு அது தானாகவே போகும். தசைக்குள் இன்னொரு சிவப்புப் பொருள் அதை வாங்கி, செல்லுக்குள் இருக்கிற குட்டிக் குட்டி அடுப்புகளுக்குக் கொண்டு சேர்க்கும். அடுப்பு எரிந்தால் கால் நகரும். எவ்வளவு உழைக்கிறாயோ அவ்வளவு வந்து இறங்கும்.

அதனால் நடுவில் நிற்காதே. ஏறு. மழைக்காலம் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தாய், உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மாப்பிள்ளையிடமும் போனில் சொல்லிவிட்டேன், அவளுக்கு ரொம்பச் செல்லம் கொடுக்காதீர்கள் என்று.

முத்தங்களுடன்,
அக்கா


மே 20

அக்காவுக்கு,

நீ சொன்னபடி நிற்காமல் ஏறினேன். பச்சைக் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குப் போகும் வழியில் கால் மடங்கி விழுந்தேன். பை கவிழ்ந்து கடிதங்கள் கீழ்ப்படி வரைக்கும் போய்விட்டன. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கிப் பொறுக்கினேன். ஒன்றுகூடத் தொலையவில்லை. எங்கள் தபால் ஆட்கள் எதை விட்டாலும் கடிதத்தைத் தொலைக்க மாட்டார்கள், அது உனக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னால், "உங்க அக்காவே ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க, அப்புறம் என்ன?" என்றார். உன் பெயரைச் சொன்ன பிறகு இந்த வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை.

நானாகவே வேறு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பந்தைக் கையில் கொடுத்து அமுக்கி அமுக்கி விடச் சொன்னார்கள். கை ஓய்ந்ததும் அதே கையின் சிரையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். அது கருத்து வரவேண்டுமாம். பளிச்சென்று சிவப்பாக வந்தது. நர்ஸ் பதறிப்போய், ஊசியைத் தப்பான குழாயில் குத்திவிட்டோமோ என்று பார்த்தாள். பிறகு தொடையில் கொஞ்சம் சதை வெட்டி எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். செல்லுக்குள் அடுப்புகள் சரியாக எரியவில்லையாம். ரத்தம் கொண்டுபோன ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள ஆளில்லை. பூட்டிய வீட்டுக்குப் போன தபால் மாதிரி அப்படியே திரும்பி வருகிறது. மருந்து இல்லையாம். கூடிக்கொண்டே போகுமாம். மூச்சு இழுப்பதும் தசைதான் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

அந்தத் தொண்ணூற்றெட்டை நீ நம்பினாய் அக்கா. என்னை நம்பவில்லை.

தங்கை


ஜூன் 2

என் கண்ணே,

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்திலேயே பிரித்தேன். சைக்கிளில் ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல மறந்து நின்றிருக்கிறேன். அவர்தான், "அம்மா, போதுமா?" என்று கேட்டார்.

ஏற்றிய சரக்கைப் பார்த்தேன், இறங்கியதா என்று பார்க்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கால் எரிகிறது என்றால் உடனே மூச்சை அளக்கிற மாஸ்க் மாட்டிச் சோதிக்கிற நான், நீ சொன்னதும் சிரித்தேன். என் வாயாடி எதையும் பெரிதாக்கித்தான் பேசுவாள் என்று நினைத்துவிட்டேன். என்னை நன்றாகத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 14

என் கண்ணே,

நீ போனை எடுப்பதில்லை. வருகிறேன் என்றால், வரவேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறாய். பேனா பிடித்தால் உனக்குக் கை ஓய்ந்துவிடுகிறது என்றும் அவர்தான் சொன்னார். இத்துடன் அனுப்பியிருக்கும் கட்டுக்குள் இருப்பவை வெறும் கவர்கள். என் முகவரி எழுதி, ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். வாரம் ஒன்று ஒட்டி அனுப்பு. உள்ளே எதுவும் வைக்க வேண்டாம். நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

அக்கா


அக்டோபர் 9

அக்கா,

கவரெல்லாம் வந்திருக்கும். அவரிடம் கொடுக்காமல் நானேதான் ஒட்டுகிறேன். சில நாள் அதற்கே பாதிக் காலைப்பொழுது போய்விடுகிறது. கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

நான் சோம்பேறி இல்லை என்று ஒரு வரி எழுது. அவர் காதில் விழுகிற மாதிரி எழுது.

வாயாடி


அக்டோபர் 22

என் வாயாடிக்கு,

நீ சோம்பேறி இல்லை. உன்னை மாதிரி உழைத்தவளை நான் பார்த்ததில்லை. எரியாத அடுப்பை வைத்துக்கொண்டு அத்தனை மாடி ஏறியிருக்கிறாய். என் சைக்கிளில் ஏறியவர்களில் ஒருவராலும் அது முடியாது. இதை மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நீ கேட்ட அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். ஒரு வரியில் முடிக்க மனம் வராமல் எழுதி எழுதிக் கிழித்தேன். இதற்கிடையில் இந்த வாரக் கவர் வரவில்லை. போன வாரம் வந்த கவரை மறுபடி எடுத்து உள்ளே பார்த்தேன். போன் அடித்தேன், மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. வழியில் தாமதமாகியிருக்கும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னாள். தலையாட்டி வைத்தேன். உங்கள் ஆட்கள் கடிதத்தைத் தொலைக்க மாட்டார்கள்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. காலை ரயிலில் நானே கொண்டுவருகிறேன். உன் எதிரில் நின்று, வீடே கேட்கிற மாதிரி படிக்கிறேன். கதவைத் திறக்க நீ எழுந்து வராதே. படுத்தே இரு, கண்ணே.

அக்கா