துண்டு போட்ட இடம்

நேற்று உன் மகள் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே உன்னுடைய நீலக் கட்டம் போட்ட துண்டு. "இது உங்களோடதுதான் சித்தப்பா. உங்க சீட்டுக்குன்னே அப்பா தனியா வச்சிருந்தாரு" என்றாள். முகர்ந்து பார்த்தேன். டீசல், உப்பு, சாத்தம் மர ஆலையின் தூள். உலகத்து அத்தரையெல்லாம் கப்பலேற்றிக் கொண்டுவந்தாலும் இதற்கு ஈடாகாது என்று எழுதத் தொடங்கினேன், கை நின்றுவிட்டது.

அந்தமானில் பாம்பூஃபிளாட்டிலிருந்து சாத்தத்துக்கு நாம் படகேறிய பன்னிரண்டு வருஷத்தில் நான் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. நீ முன்னாலேயே ஏறி, ஜன்னலோரம் இந்தத் துண்டை விரித்து, கேட்பவர்களிடமெல்லாம் "ஆ ரஹா ஹை, பாயி, ஆ ரஹா ஹை" என்று, வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் என்னை வந்துகொண்டிருக்க வைப்பாய். கயிறு அவிழ்க்கும் நேரத்தில் நான் பட்டத்து யானை மாதிரி நடந்துவந்து உட்காருவேன். ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. சிம்மாசனம் காலியாக இருப்பது சக்கரவர்த்திக்கு அதிசயமா என்ன?

அந்தப் புத்திதான் நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரலிலும் போய் உட்கார்ந்தது. மீனவர் சங்கத்துக்காக நாம் பிளாக்செயின் என்கிற, யாரும் அழிக்க முடியாத பொதுப் பேரேட்டில் இரண்டு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது தானாக ஓடும் நிரல்கள், எழுதினோம். என்னுடையது மீன் பெட்டியைப் பதிவு செய்துவிட்டு உன்னுடையதை அழைக்கும். உன்னுடையது, எந்தப் படகு பிடித்த மீன் என்று சான்று எழுதும். எழுதுவதற்கு அந்தப் படகின் பெயரில் ஒரு கணக்கு முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும். பணக் கணக்கு இல்லை. அந்தப் படகுக்கென்று ஒதுக்கிவைத்த வெற்றிடம், அவ்வளவுதான். ஒதுக்குவது அழைக்கிறவன் வேலை, அதாவது என் வேலை.

"கூப்பிடுறதுக்கு முன்னாடி துண்டப் போட்டுருடா" என்று நீ சொன்னாய். போட்டாயிற்று என்றேன். போடவில்லை. நாம் சோதித்துப் பார்த்ததெல்லாம் நீயே கணக்குத் திறந்துவைத்திருந்த பழைய படகுகள். அதனால் எல்லாம் ஓடியது. நானும் மூவுலகையும் வென்றவனாக மீசையை முறுக்கிக்கொண்டேன்.

முதல் நாளே ஸ்டெல்லா அக்கா வந்தார். தூத்துக்குடிக்காரர். கணவர் போனபின் தனியாக நின்று இறக்கிய புதுப்படகு, அதன் வலையில் விழுந்த முதல் பாடு. ஆறு பெட்டி சூரை மீன், ஐஸில். மெயின்லேண்டில் சான்று இல்லாமல் எடுக்கமாட்டார்கள். ஷிப் புறப்படத் தயாராக நின்றது. என் நிரல் உன் நிரலைக் கூப்பிட்டது. அக்கா படகுக்கு எழுத இடமில்லை. பாதியில் நின்றால் பதிவும் சேர்ந்து ரத்தாகிவிடும். மூன்று தடவை அழுத்தினோம், மூன்றும் ரத்து. நீ காரணத்தைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கைத் திறந்தபோது ஷிப்பின் ஏணியைத் தூக்கிவிட்டார்கள்.

"யாரு பார்த்த வேலை இது?" என்று அக்கா கேட்டார். நான் உருகும் ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான்க்கா" என்றாய் நீ.

திரும்பும் படகில், ஏன்டா என்று கேட்டேன். "சங்கத்துல ஒனக்கும் ஒரு இடம் வேணும்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு அக்கா உன்னை எங்கே கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் சாவுக்கும் வரவில்லை. ஆயிரம் பொய்யை ஜோடித்துச் சொல்லத் தெரிந்த எனக்கு, ஜோடனை இல்லாத ஒரு வரி உண்மை கடைசிவரை வாயில் வரவில்லை.

இன்று காலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவிடம் போனேன். அன்றைய தப்பு என்னுடையது என்று நான் சொன்னதை, வலையிலிருந்து கையை எடுக்காமல் முழுவதும் கேட்டார்.

"இத அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். வலையை ஒதுக்கி வைத்துவிட்டு, உன்னை எங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன்.

திரும்பும்போது, என் வாழ்வில் முதல் முறையாக, படகுக்கு முன்னதாகவே போய்விட்டேன். பழக்கப்பட்ட ஜன்னலோரம். பக்கத்து இடத்தில் துண்டை விரித்தேன். கூட்டம் ஏறியது. வயதான ஒருவர் குனிந்து, யாராவது வருகிறார்களா என்று ஹிந்தியில் கேட்டார். ஆ ரஹா ஹை என்று நாக்கு நுனிவரை வந்தது. துண்டை எடுத்துக்கொண்டு, "பைட்டியே" என்று அவர் உட்கார இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

பாம்பூஃபிளாட் வரும்வரை துண்டு என் மடியில் இருந்தது.